இது ஜிகினா இல்லை

நான் செய்த உலோகத்தை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுபோனபோது அம்மா அதை ஜிகினா என்றாள். மாமா போலி என்றார். அதற்கு முந்தின நாள் சிதம்பரத்தில் என் பேராசிரியர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்றிருந்தார். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். எல்லாரும் தப்பாகச் சொன்னார்கள்.

பார்க்க அது ஜிகினா மாதிரிதான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. நெல்மணி அகலம், முழநீளம், காகிதத்தைவிட மெல்லிசு. ஒரு பக்கம் முகம் பார்க்கலாம்போலப் பளபளப்பு, இன்னொரு பக்கம் கொஞ்சம் மங்கல். ஆனால் அது இரும்பு. இரும்பு வழக்கமாக உறைகிற மாதிரி உறையவிடாமல், உருகிய நிலையிலேயே பிடித்து நிறுத்திவைத்த இரும்பு.

இதை யாருக்குச் சொல்லவேண்டி வந்தாலும் நான் கடலூர் பஸ் ஸ்டாண்டைத்தான் சொல்வேன். திருவிழா நேரத்தில் ஒரு காலி பஸ் வந்து நிற்கிறது. ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறார்கள், பையை வீசுகிறார்கள், கைக்குழந்தையை உள்ளே நீட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கொடுத்தால் எல்லாரும் ஒரு சீட்டைப் பிடித்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். உருகிய உலோகம் ஆறும்போது அணுக்கள் செய்வதும் அதுதான். வரிசை வரிசையாக உட்கார்ந்தால் அதற்குப் பெயர் படிகம். ஏறின வேகத்தில், துண்டு கையில் இருக்கும்போதே, காலைத் தூக்கினவன் தூக்கினபடி நிற்கும்போதே மொத்தக் கூட்டத்தையும் உறையவைத்தால்? வரிசையே இருக்காது. அந்த மாதிரி உறைந்த உலோகத்தைக் கண்ணாடி என்கிறோம். ஜன்னல் கண்ணாடி மாதிரி ஊடே பார்க்க முடியாது. உள்ளே அணுக்கள் நிற்கும் தினுசு மட்டும்தான் கண்ணாடியினுடையது.

அப்படி உறையவைக்க எங்கள் ஆய்வகத்தில் ஒரு செம்புச் சக்கரம் இருக்கிறது. இரும்பை ஒரு குவார்ட்ஸ் குழாயில் உருக்கி, அடியில் இருக்கும் ஊசித் துளை வழியாக, வெறித்தனமாகச் சுற்றும் அந்தச் சக்கரத்தின் மேல் பீய்ச்ச வேண்டும். சக்கரத்தைத் தொட்ட நொடியிலேயே சூடு இறங்கி, நாடாவாகப் பறந்து எதிர்க் கூண்டில் போய் விழும். கண் சிமிட்டினால் பார்க்க முடியாது.

அப்பாவுக்கு இதுதான் நம்ப முடியாத விஷயம். முதுநகரில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி இருக்கும் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் தூக்குகிறவர் அவர். அங்கே தகர டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் உறைந்து எழ ஒரு முழுநாள் ஆகும். நான் சக்கரத்தைப் பற்றிச் சொன்னதும் சோற்றில் கைவைத்தபடி கேட்டார்.

"அவ்ளோ அவசரமா உறைஞ்சி எங்கடா போவப் போவுது அது?"

என் இரும்பும் அவருடைய கம்பெனியிலிருந்து வந்ததுதான். குளிரூட்டும் கம்ப்ரஸரைப் பிரித்து வேலை பார்த்தபோது ஒரு பிஸ்டன் ரிங் உடைந்து மூலையில் கிடந்தது. வார்ப்பிரும்பு. ஒரு துண்டு வேண்டும் என்று நான் கேட்டதற்கு, அப்பா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, முறுக்கு வாங்கி வருகிறவர் மாதிரி கொண்டுவந்தார். மேலே லேசாகத் துரு. அப்பா லுங்கியிலேயே துடைத்துக் கொடுத்தார்.

பேராசிரியருக்கு அந்தத் துண்டுதான் பிடிக்கவில்லை.

அவர் நல்லவர், இதையும் சொல்லிவிட வேண்டும். கோயில் வீதி ஒன்றில் வீடு. குரலை உயர்த்த மாட்டார். மாணவர்களை உட்காரவைத்துத்தான் பேசுவார். ஆனால் சுத்தம் என்பதில் அவருக்கு ஒரு பிடி. கண்ணாடி உலோகம் செய்ய வேண்டுமானால் புட்டியில் வரும் சுத்த இரும்பு வேண்டும், சுத்த போரான் வேண்டும், எல்லாம் வெளியிலிருந்து தருவிக்க வேண்டும். அழுக்கு இருந்தால் அந்த அழுக்கைச் சுற்றியே அணுக்கள் வரிசை கட்டிவிடும் என்பார். அது பொய்யில்லை. துருவும் மண்ணும் கலந்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் நான் அந்த ரிங்கைப் பளபளவென்று தேய்த்து, அமிலத்தில் கழுவி, அதற்கப்புறம்தான் உருக்கினேன்.

ஆனால் வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கார்பனும் சிலிக்கனும் அழுக்கில்லை. சுத்த இரும்பை வாங்கி, பிறகு அதே கார்பனையும் அதே சிலிக்கனையும் தனித்தனிப் புட்டியிலிருந்து எடைபோட்டுக் கலக்கிறார்கள். ஏற்கெனவே கலந்திருக்கிற இரும்பை எடுத்துக்கொண்டு, குறைகிற போரானை மட்டும் சேர்த்தால் என்ன? பல அளவு அணுக்கள் கலந்து கிடந்தால் வரிசை கட்டுவதும் கஷ்டம். பஸ்ஸில் ஒல்லியும் குண்டும் குழந்தையும் மூட்டையும் கலந்து ஏறினால் சீட்டுப் பிடிப்பது நேரமாகத்தான் செய்யும். இதைத்தான் நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தம் என்ற வார்த்தையை நான் ஆய்வகத்துக்கு வெளியிலும் கேட்டு வளர்ந்தவன். கேட்டவுடன் தலையாட்ட எனக்கு வராது.

அந்தச் சனிக்கிழமை காலை சக்கரம் எங்களுக்குக் கிடைத்தது. உடன் இருந்தது லால்பேட்டைக்காரன், என்னோடு ஆய்வு செய்கிற நண்பன். அவன் ஆர்கான் வாயுவின் வால்வைப் பிடித்திருந்தான், நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையாகித் துளும்பியது.

"உடவா மச்சான்?"

"உடு."

சீறல் கேட்டது. கூண்டு முழுக்கப் பளபளவென்று சுருள் சுருளாகக் கிடந்தது. நண்பன் கையுறையோடு ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, காகிதத்தை மடிக்கிற மாதிரி மடித்தான். எந்த நாடாவுக்கும் இதுதான் எங்களுடைய முதல் சோதனை. படிகமாக உறைந்திருந்தால் இந்தக் கலவை அப்பளம் மாதிரி நொறுங்கும். முந்தைய தடவைகளில் எல்லாம் நொறுங்கித்தான் இருந்தது.

இந்தத் தடவை மடிந்தது. பிரித்தான், மறுபடி மடித்தான். உடையவில்லை.

"மச்சான், பிரியாணி நீ வாங்கித் தர்ற," என்றான்.

நான் நாடாவை ஒரு கவரில் போட்டுக்கொண்டு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன். மடிவது மட்டும் போதாது. அது கண்ணாடிதான் என்று உலகம் ஒப்புக்கொள்ள எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த வசதி எங்களிடம் இல்லை, சென்னைக்கு அனுப்ப வேண்டும். மாதம் ஒரு முறைதான் எங்களுக்கு நேரம் ஒதுக்குவார்கள், பேராசிரியர் கையெழுத்துப் போட்ட மாதிரிகள்தான் போகும். அடுத்த பெட்டி செவ்வாய்க்கிழமை கிளம்புவதாக இருந்தது.

அவர் கவரைப் பார்த்தார். திறக்கவில்லை.

"அந்த ஐஸ் கம்பெனி இரும்பாப்பா?"

"ஆமா சார். மடியுது சார்."

"பாதி படிகமா இருந்தாலும் சில சமயம் மடியும். உனக்குத் தெரியாதா? இத நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினா அங்க சிரிப்பாங்க. இந்த வேல போதும். உன் சீனியரோட அலுமினிய வேலையில சேந்துக்க. ஒரு வருஷத்துல முடிச்சுடலாம். நீ நல்ல பையன், பிடிவாதம்தான் ஜாஸ்தி."

அலுமினிய வேலை என்றால் இன்னொருவர் போட்ட கோட்டின் மேல் பேனா ஓட்டுவது. அதை அவரிடம் சொல்லவில்லை. கவரை எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் கடலூர் வந்துவிட்டேன்.

ஊரில் எனக்காக வேறொன்று காத்திருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் சேல்ஸ்மேன். கடைக்கு வரும் ஒரு மானேஜரிடம் சொல்லி, பைப் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை ஏற்பாடு செய்திருந்தார். தரம் பார்க்கும் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். சேருகிற நாளுக்குப் போட்டுக்கொள்ளக் கடையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையும் எடுத்து வந்திருந்தார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டினவன் நான் ஒருவன்தான். படித்தவன் எப்போது வேலைக்குப் போவான் என்று தெருவே எண்ணிக்கொண்டிருந்தது. முந்திரிக் கம்பெனியில் உடைக்கிற அம்மா, மகன் திங்கட்கிழமையிலிருந்து டூட்டிக்குப் போகிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் சொல்லியும் முடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா சாப்பிட வந்தார். நான் நாடாவை எடுத்து அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். முந்திரி எண்ணெயில் கறுத்த விரல்களில் அது இன்னும் ஜாஸ்தியாக மின்னியது.

"மாதா தேருக்குக் கட்டற ஜிகினா மாதிரியே கீதுடா," என்றாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள்.

மாமாவுக்கு அது போதுமாக இருந்தது.

"இன்னா மாப்ள, இத்தினி வருசம் சிதம்பரத்துக்கு ரயில் ஏறிப் போயி ஜிகினா செய்யக் கத்துக்கினியா?"

"ஜிகினா இல்ல மாமா, இரும்பு. கண்ணாடியா உறைஞ்ச இரும்பு."

"யக்கா, உம் புள்ள ஒரு வாயில இரும்புன்றான், அதே வாயில கண்ணாடின்றான். இவன நம்பி எப்டி பொண்ணு கேக்கறது?"

"சாப்புட உடேன்டா அவன," என்றாள் அம்மா.

மாமா விடவில்லை. நாடாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டுச் சேலை விற்கிற கண் அது.

"எங்க கடையில ஜரிகையில சந்தேகம்னா இன்னா பண்ணுவோம் தெரியுமா? ஒரு நூலு எடுத்து நெருப்புல காட்டுவோம். அசலு அப்டியே நிக்கும். டுப்ளிகேட்டு பல்ல காட்டிடும்."

சொன்ன கையோடு மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியில் நாடாவின் நுனியைப் பிடித்தார்.

"டேய், மாதாவுக்கு ஏத்துனதுடா அது!"

"மாதாவுக்கும் தெரியட்டும்க்கா, இவன் செய்யறது இன்னான்னு."

பளபளப்பு முதலில் வைக்கோல் நிறமானது, அப்புறம் நீலம், அப்புறம் கறுப்பு. மாமா அதை வெளியே எடுத்து ஊதினார். இரண்டு விரலால் மடித்தார். டிக் என்று ஒரு சத்தம். நுனி உடைந்து தரையில் விழுந்தது.

"பாத்தியா? போலி. இதுக்காடா நீ கம்பெனி வேலைய உடப் பாக்கற?"

குனிந்து, விழுந்த துண்டைத் தேடினேன். தேடும்போதே கை நின்றது. உடைந்தது. சரி. ஆனால் ஏன் உடைந்தது?

மாமா கையிலிருந்து மிச்ச நாடாவை வாங்கினேன். தீ படாத மறுமுனையை மடித்தேன். படிந்து மடிந்தது, பிரித்தால் பிரிந்தது. கறுத்த முனையை மடித்தேன். டிக். மறுபடி நல்ல முனை. மறுபடி கறுத்த முனை. ஒரே நாடா, ஒரே இரும்பு. ஒரு பாதி மடிகிறது, ஒரு பாதி ஒடிகிறது. முதலிலேயே படிகமாக இருந்திருந்தால் மெழுகுவத்தியால் அதை இப்படி மாற்றியிருக்க முடியாது. மாமா அதைக் கெடுத்திருந்தார். கெடுவதற்கு அங்கே ஒன்று இருந்திருக்கிறது.

சூடாக்கிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சூடாக்குவதென்றால் ஃபர்னஸ் வேண்டும், ஆர்கான் வேண்டும், அதற்கும் ஒரு வரிசை, அதற்கும் ஒரு கையெழுத்து என்று பழகிப்போயிருந்தேன். ஒரு மெழுகுவத்தி போதும் என்று தோன்றவே இல்லை.

"மாமா, இன்னொரு தடவ கொளுத்துங்க."

"இன்னாடா, கோவமா?"

"இல்ல, கொளுத்துங்க. நீங்க கொளுத்தினாத்தான் ஒடையுது. கொளுத்தாத எடத்துல ஒடையல, பாருங்க. சூடு பட்டதும் உள்ள எல்லாம் வரிசையா ஒக்காந்துடுச்சி. பஸ்ல எல்லாருக்கும் சீட்டு கெடச்சிட்ட மாதிரி."

"சீட்டு கெடச்சா நல்லதுதானடா?"

"நமக்கு நல்லது. இதுக்கு ஆவாது. ஒக்காந்துட்டா ஒடஞ்சிடும்."

மாமா சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டை இருந்த பையைக் காட்டினார்.

"ஒனக்குத்தாண்டா நான் துண்டு போட்டு சீட்டு புடிச்சி வச்சிக்கீறேன். நாளைக்கு வந்து ஒக்காரு."

"எனக்கு அந்தச் சீட்டு வேணாம் மாமா. நான் நாளைக்குச் சிதம்பரம் போறேன்."

அம்மா என்னைப் பார்க்காமல் குழம்புச் சட்டியைப் பார்த்தாள். "கம்பெனியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா," என்றாள் மெல்ல.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். என் கையிலிருந்த நாடாவை வாங்கினார். ஐஸ் தூக்கிக் காய்ப்பேறிய விரல்கள், அதற்கு அது இருப்பதே தெரிந்திருக்காது. நல்ல முனையை மடித்தார், நகத்தால் அழுத்தினார், பிரித்தார்.

"நம்ம ரிங்குதான இது?"

"ஆமாம்பா."

"இது ஒடையலியே," என்றார் மாமாவைப் பார்த்து. அவ்வளவுதான். வெளியே போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை மாமாவின் வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். வேறு சட்டை இல்லாமல் இல்லை. வேலையில் சேருகிற நாளுக்கு என்று எடுத்த சட்டை, நானும் என் வேலைக்குத்தான் போகிறேன் என்று நினைத்தேன். ரயில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று போனது. பரங்கிப்பேட்டையில் ஏறிய மீன்கூடை ஒன்று என் காலருகே உட்கார்ந்து, சிதம்பரம் வருவதற்குள் கால்சட்டை ஓரத்தை நனைத்துவிட்டது.

ஆய்வக வாசலில் நண்பன் என் கையிலிருந்த மெழுகுவத்தியைப் பார்த்தான்.

"மச்சான், சார் ரூம்ல நெருப்பா? தொரத்திடுவாரு."

"தொரத்தட்டும்."

"பிஸ்மில்லா சொல்லிட்டுப் போ. நான் வெளிய நிக்கறேன், தீயணைப்புக்கு."

பேராசிரியர் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"சார், ஒரு தடவ மடிச்சிப் பாருங்க. நீங்களே."

"அதான் சொன்னேனேப்பா…"

"நீங்க இன்னும் தொடவே இல்ல சார்."

அப்படிச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கவரை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் ஒரு நாடாவை எடுத்தார், மடித்தார், பிரித்தார். நான் மெழுகுவத்தியைக் கொளுத்தி, அதே நாடாவின் மறுமுனையைக் காட்டினேன். வைக்கோல், நீலம், கறுப்பு. ஆறவிட்டுக் கொடுத்தேன்.

"இப்ப இந்தப் பக்கம் மடிங்க சார்."

டிக்.

அவர் உடைந்த துண்டைப் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் இன்னொரு நாடாவை அவரே எடுத்து, அவரே தீயில் காட்டி, அவரே உடைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"தீயில ஆக்சைடு ஏறினதால ஒடஞ்சிருக்கலாமே?"

"இவ்வளவு நேரத்துல மேல்தோல்லதான் சார் ஏறும். துண்டோட உள்பக்கம் பாருங்க, வெளுப்பாத்தான் இருக்கு."

மறுபடி பூதக்கண்ணாடி.

"இது முழுசாக் கண்ணாடின்னு இதனால நிரூபணம் ஆகாது."

"ஆகாது சார். அதுக்குத்தான் எக்ஸ்ரே கேக்கறேன்."

அறைக்கு வெளியே நண்பன் இருமுவது கேட்டது. பேராசிரியர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "மெழுகுவத்திய அணைச்சிட்டு எடுத்துண்டு போ," என்றார்.

பெட்டி சென்னைக்குப் போனது. முடிவு வந்த அன்று நானும் நண்பனும் கணினித் திரைக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். படிகமாக இருந்தால் திரையில் முள் முள்ளாக எழும்பும். எங்கள் கோட்டில் முள் இல்லை. கடற்கரை மணல்மேடு மாதிரி அகலமாக, சோம்பேறித்தனமாக ஒரு மேடு. அதுதான் கண்ணாடியின் அடையாளம். மேட்டின் வலதுபக்கச் சரிவில் மட்டும் ஒரு சின்ன முள் தலை நீட்டியது. நாடா தடித்துப்போன ஏதோ ஓர் இடத்தில் கொஞ்சம் இரும்பு சீட்டுப் பிடித்துவிட்டிருக்கிறது. அதையும் மறைக்காமல் அப்படியே எழுதினேன். சக்கரத்தை இன்னும் வேகமாக ஓட்டினால் அதுவும் போகும். ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பைப் கம்பெனி வேலைக்கு வேறு யாரோ சேர்ந்தார்கள். மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தபோது முதல் வார்த்தையே, "இன்னா ஜிகினா, எப்டி கீற?" என்பதுதான். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். கடையில் மற்ற சேல்ஸ்மேன்களுக்குக் காட்ட ஒரு முழம் வாங்கிக்கொண்டும் போயிருக்கிறார். அவர்களிடம் அதை என்னவென்று சொன்னாரோ, தெரியாது.

போன மாதம் கட்டுரையை எழுதி முடித்துப் பேராசிரியரிடம் கொடுத்தேன். திருத்தி வந்தபோது, என்ன மூலப்பொருள் என்று சொல்லும் இடத்தில் நான் எழுதியதை அடித்துவிட்டு, 'கடையில் கிடைக்கும் வார்ப்பிரும்பு' என்று போட்டிருந்தார். நான் அவர் அறைக்குப் போனேன்.

"சார், இது கடையில வாங்கினது இல்ல."

"தெரியும்ப்பா. ஐஸ் கம்பெனி, ஒடஞ்ச ரிங்குன்னெல்லாம் போட்டா படிக்கறவன் என்ன நெனைப்பான்?"

"இன்னொருத்தர் திரும்பச் செஞ்சி பாக்கணும்னா எந்த இரும்புன்னு தெரியணும் இல்ல சார்?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் தன் வரியைத் தானே அடித்தார்.

"பிடிவாதம் ஜாஸ்தி," என்றார்.

இப்போது அந்த இடத்தில் இருப்பது நான் எழுதினதுதான்: ஐஸ் தொழிற்சாலைக் குளிரூட்டும் கம்ப்ரஸரின் உடைந்த பிஸ்டன் ரிங், வார்ப்பிரும்பு, கடலூர் முதுநகர்.